மூடி பொருந்தும் வரை

ராயகிரிக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்குவதற்கு ஒரு மைல் முன்னால், தங்கபுஷ்பத்துக்கும் அவள் புருஷன் ரத்தினத்துக்கும் மூன்று ஏக்கர் மக்காச்சோளம் நின்றது. கிணற்றுத் தண்ணீரை நம்பிச் சித்திரையில் போட்ட பயிர். ஆனியில் கதிர் பால் பிடித்த வாரமே காட்டுப்பன்றிகள் இறங்கின. ஐந்தாம் நாள் விடிந்தும் விடியாமல் மோட்டார் போடப் போன ரத்தினத்தை, குட்டிகளோடு படுத்துக் கிடந்த ஒரு பன்றி தொடையில் கிழித்துவிட்டுப் போயிற்று. இருபத்திரண்டு தையல். இரண்டு மாதம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள்.

தங்கபுஷ்பம் பழைய சேலைகளைக் கிழித்து வரப்பைச் சுற்றிக் கட்டிப் பார்த்தாள். தகர டப்பாவைத் தட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாளிலிருந்து பன்றிகள் டப்பாச் சத்தத்துக்குத் தலையைக்கூடத் தூக்கவில்லை. அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வாரியத்தைப் பற்றிச் சொன்னார்கள். மலையடிவாரப் பயிர் இடர் நீக்க வாரியம் என்பது அதன் பெயர். பன்றியைச் சுடும் அதிகாரம் அந்த வட்டாரத்தில் அதற்கு மட்டும்தான் இருந்தது. வேறு யாராவது சுட்டால் சுட்டவர் உள்ளே போக வேண்டும்.

வாரியத்தின் அலுவலகம் குற்றாலத்தில் இருந்தது. வாரிய எல்லைக்குள் சோளமும் கடலையும் இல்லாத ஊர் அதுதான். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு சீசனில் கூட்டம் நடத்த ஒரு லாட்ஜை எடுத்தார்கள். கூட்டம் முடியவில்லை, அதனால் அங்கேயே தங்கிவிட்டார்கள். அறை எண்கள் மாறவில்லை. “எண்ணெய் தேய்த்த உடம்போடு கட்டிலில் உட்காரக் கூடாது” என்ற போர்டு இயக்குநரின் நாற்காலிக்கு மேலே இன்னும் தொங்கியது.

இயக்குநர் பால்வண்ணநாதன் தங்கபுஷ்பத்தை நிற்க வைத்துப் பேசவில்லை. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார், ரத்தினத்தின் காலைப் பற்றி விசாரித்தார். பிறகு பேசினார்.

“அம்மா, இந்த வாரியம் விவசாயிக்கு எதிரி இல்லை. பன்றிக்கும் எதிரி இல்லை. அதுதான் எங்கள் சிரமம். எங்களிடம் நான்கு துப்பாக்கிகள் இருக்கின்றன. நான்கிலும் குறிநோக்கி இருக்கிறது, ஸ்கோப் என்பார்கள். முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கிற பன்றியின் கண் இமையை எண்ணலாம். அவ்வளவு உயர்ந்த பொருள் என்பதால்தான் அதை வெளியே எடுப்பதில்லை.”

“எப்ப சார் எடுப்பீங்க?”

“மூடி பொருந்தியதும்.”

மூடி விஷயத்தை அவளுக்கு விளக்கியவர் ஆறாம் நம்பர் அறையில் இருந்த எபனேசர். பட்டாளத்தில் இருபது வருஷம் இருந்து வந்தவர், வாரியத்தின் ஒரே குறிபார்ப்பாளர். பதினோரு மாதமாக ஒரு குண்டுகூடச் சுடாமல் தினமும் நான்கு துப்பாக்கிகளையும் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார்.

“போன சீசன்ல சாரல்ல நனைஞ்சு ஸ்கோப் கண்ணாடியில பூஞ்சை வந்துட்டும்மா,” என்றார். “தணிக்கைக்கு வந்தவங்க, கண்ணாடிக்கு முன்னயும் பின்னயும் மூடி இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அன்னையிலேருந்து மூடி போடாம துப்பாக்கி வாசலத் தாண்டக் கூடாதுன்னு ஆர்டர். மூடி வாங்கினாங்க. கீல் வச்ச பின்பக்க மூடி எப்படியோ பொருந்திட்டு. முன்பக்க மூடி ஏற மாட்டேங்குது.”

“பெருசா வாங்கினா ஏறுமே அண்ணாச்சி.”

எபனேசர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இழுத்தார். உள்ளே கறுப்பு மூடிகள் விளிம்புவரை நிறைந்திருந்தன. அப்படி இன்னும் ஏழு பெட்டி கிடந்தன. நான்கு துப்பாக்கிக்கு வாங்கியவை. ஒன்றை எடுத்துக் குறிநோக்கியின் வாயில் வைத்தார். சின்ன டம்ளரால் பெரிய செம்பை மூடியதுபோல் இருந்தது.

“ஸ்கோப் பேப்பர்ல அம்பதுன்னு போட்டிருக்கு. அம்பதுல மூடி வாங்கிட்டாங்க. அம்பதுங்கிறது உள்ள இருக்கிற கண்ணாடிக்கு. அதச் சுத்தி குழாய் இருக்குல்லா, அதுக்கு மேலதான் மூடி ஏறணும். ஸ்கோப் செய்யுறவன் வெளி அளவ எங்கயும் எழுத மாட்டான். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கனம்.”

“இத அந்த சார்ட்ட சொன்னீங்களா?”

“எழுதிக் குடுத்தேன். குழு போட்டிருக்காங்க.”

கிளம்பும்போது தொழில்நுட்ப அலுவலர் ஸ்ரீவித்யா அவளிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினாள். சின்ன வயசுப் பெண், பென்சிலால் எழுதி அதன் மேல் பேனாவால் எழுதுகிற பழக்கம் உள்ளவள். மனு முடியும்வரை பயிரை அறுவடை செய்வதில்லை என்பது படிவத்தின் சாரம்.

“இது எதுக்கு மேடம்?”

“இடரை நீக்கணும்னா இடர் இருக்கணும்லா. பயிரை எடுத்துட்டீங்கன்னா பன்னிக்கு அங்கன வேலை இல்லை. பன்னி வரலைன்னா மனு காலாவதி ஆயிடும். வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வந்து, பயிர் நிக்குதுன்னு உறுதிமொழி குடுங்க. ஒரு வாரம் விட்டாலும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.”

தங்கபுஷ்பம் கையெழுத்துப் போட்டாள். பிறகு மூன்று பஸ் மாறி வீடு வந்து, ரத்தினத்துக்குக் கட்டுப் பிரித்துக் கட்டினாள். அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ரத்தினம், “மூடி இல்லாததுக்கா சுட மாட்டேங்கான்?” என்றான். அவள் ஆமாம் என்றாள். அவன் மறுபடி ஒருமுறை கேட்டான். அவள் மறுபடியும் ஆமாம் என்றாள். 

அடுத்த செவ்வாய் அவள் போனபோது மூடி பொருத்தக் குழுவின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பாதிக்கப்பட்ட விவசாயியின் பிரதிநிதி ஒருவர் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்று விதி இருந்ததால் அவளை உள்ளே கூப்பிட்டுச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். பால்வண்ணநாதன் அரைமணி நேரம் பேசினார். எழுதி வைத்துப் படிக்கவில்லை, மனத்திலிருந்தே பேசினார்.

“மூடி ஐம்பது. குறிநோக்கியும் காகிதத்தில் ஐம்பது. இரண்டு ஐம்பதும் ஒன்றோடு ஒன்று சேரவில்லை என்றால் தவறு எண்ணில் இருக்க முடியாது. மூடி வாங்கிய ஆணையில் நான் கையெழுத்திட்டிருக்கிறேன், ஆகவே தவறு மூடியிலும் இருக்க முடியாது. மீதி இருப்பது குறிநோக்கிதான். ஒரு சிறு மூடி பொருந்தவில்லை என்பதற்காக அளவை மாற்றிக்கொண்டால், நாளை எந்த அளவுக்கு என்ன மரியாதை? குறிநோக்கியின் வாயைச் சற்றுக் குறைத்துத் தரும்படி தயாரிப்பாளருக்கு எழுதலாம் என்று முன்மொழிகிறேன்.”

முன்மொழிவு ஏகமனதாக நிறைவேறியது. பிரதிநிதி என்ற முறையில் தங்கபுஷ்பமும் கையெழுத்துப் போட்டாள். அந்த வாரம் அவளுடைய வயல் இரண்டு ஏக்கர் சொச்சமாகியிருந்தது. உறுதிமொழிப் படிவத்தில் ‘மூன்று’ என்று இருந்ததை ஸ்ரீவித்யா அடித்து, பென்சிலால் ‘இரண்டு’ என்று எழுதி, அதன்மேல் பேனாவால் எழுதினாள்.

தயாரிப்பாளர் பதில் போடவில்லை. ஆடி பிறந்தது. மூன்றாவது செவ்வாயன்று, இயக்குநர் சாப்பிட்டு எழும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். தங்கபுஷ்பம் ஆறாம் நம்பர் வாசலில் நின்று, எபனேசர் துப்பாக்கி துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குறிநோக்கியின் வாய் அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தது. பார்க்கப் பார்க்க அந்த வட்டம் அவளுக்குப் பழக்கப்பட்ட ஒன்றாகத் தெரிந்தது. கையிலிருந்த பிளாஸ்டிக் வளையல் ஒன்றைக் கழற்றினாள்.

“அண்ணாச்சி, அதக் கொஞ்சம் ஆட்டாமப் பிடிங்க.”

வளையல் குறிநோக்கியின் வாயில் ஏறி இறுக்கமாக நின்றது. ஒரு நூல் அதிகம் இல்லை, ஒரு நூல் குறைவு இல்லை. எபனேசர் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

“இது என்ன அளவும்மா?”

“ரெண்டே நாலு.”

பேரருவிக்குப் போகிற வழியில் ஹாஜரா பீவி என்பவள் வளையலும் பொம்மையும் மலைத்தேனும் விற்கிற ஒரு சின்னக் கடை வைத்திருந்தாள். தங்கபுஷ்பம் நேரே அங்கே போய், ரெண்டே நாலில் ஏதாவது மூடி இருக்கிறதா என்று கேட்டாள். ரெண்டே நாலு வளையலுக்கு உள்ள அளவு, மூடிக்கு ஏது என்று ஹாஜரா பீவி கேட்டாள். விஷயம் முழுவதையும் கேட்ட பிறகு கடையில் நின்ற, அருவிக்குக் குளிக்க வந்த கூட்டத்தைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லிவிட்டு, இருந்த டப்பா, பாட்டில் எல்லாவற்றின் மூடியையும் திருகித் திருகிப் பலகையில் பரப்பினாள். தங்கபுஷ்பம் ஒவ்வொரு மூடியின் மேலும் வளையலை வைத்துப் பார்த்தாள். அரைக்கிலோ தேன் பாட்டில் மூடியில் வளையலின் ஓட்டையும் மூடியின் வாயும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. ஹாஜரா பீவி அந்தப் பாட்டில் தேனை வேறு பாத்திரத்தில் கவிழ்த்துவிட்டு மூடியைக் கையில் கொடுத்தாள்.

“இதுக்கா ஒரு ஆபீஸு?” என்றாள். தங்கபுஷ்பம் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தாள்.

மூடி ஏறியது, ஆனால் முழுக்க ஏறவில்லை. குறிநோக்கியைத் துப்பாக்கியில் மிகத் தாழ்வாக வைத்து முடுக்கியிருந்தார்கள். துப்பாக்கிக் குழாய்க்கும் குறிநோக்கிக்கும் நடுவே வளையல் கனத்துக்குத்தான் இடம் இருந்தது. மூடியின் தடித்த விளிம்பு அங்கே இடித்தது. எபனேசரிடம் பேனாக்கத்தி இருந்தது. விளிம்பின் அடிப்பக்கத்தைத் தங்கபுஷ்பம் சீவினாள். நுங்கு சீவுவதுபோல் ஒரே கனமாகச் சீவினாள். மூடி உட்கார்ந்தது. துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து எபனேசர் உலுக்கினார், மூடி விழவில்லை. பதினோரு மாதத்தில் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன் என்று ஸ்ரீவித்யா பின்னாளில் சொன்னாள்.

பால்வண்ணநாதன் கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மூக்கருகில் கொண்டுபோனார்.

“தேன் வாடை வருகிறது.”

“கழுவிட்டேன் சார்,” என்றாள் தங்கபுஷ்பம்.

“நான் குறையாகச் சொல்லவில்லை அம்மா. உள்ளூர் அறிவை இந்த வாரியம் எப்போதும் மதிக்கும். இதைத் தற்காலிக மூடியாக ஏற்று, சோதனைக்கு உட்படுத்தலாம்.”

சோதனை இரண்டு வாரம் நடந்தது. முதல் வாரம் மூடி போட்ட துப்பாக்கியை லாட்ஜ் குளியலறைக் குழாயடியில் வைத்துத் தண்ணீர் விட்டார்கள். இரண்டாம் வாரம், குரங்கு பிடுங்கினால் வருமா என்று பார்ப்பதற்காக மொட்டை மாடியில் வைத்தார்கள். குரங்குகள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஸ்ரீவித்யாவின் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டன. மூடி தேறிவிட்டது.

எபனேசருக்கு மட்டும் திருப்தி இல்லை. சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போடுமுன் இயக்குநர் முன்னால் போய் நின்றார்.

“சார், மூடித்தான பார்த்தோம். தொறந்தும் பார்க்கணும். இந்த ஸ்கோப்ல கிட்டத்துப் பார்வைய தூரப் பார்வைக்கு மாத்தணும்னா பின்பக்கக் குழாயே திரும்பும். அதோட பின்மூடியும் திரும்பும். கிட்டத்துல இருக்கும்போது தொறந்தா மூடி மேல நிக்கும். தூரத்துக்குத் திருப்பினா வலதுபக்கம் வந்து, காது மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும். குண்டு போட இழுக்கிற போல்ட் கைப்பிடியத் தூக்குற எடம் அது. போல்ட் போய் மூடியில இடிக்கும். குண்டு போட முடியாது சார்.”

பால்வண்ணநாதன் பொறுமையாகக் கேட்டார். “எபனேசர், தணிக்கைக் குறிப்பு என்ன சொல்கிறது? மூடி இல்லை என்கிறது. திறக்கவில்லை என்று எங்காவது சொல்கிறதா? திறப்பது இந்தச் சோதனையின் வரம்பில் வராது. அதை அடுத்த கூட்டப் பொருளில் சேர்ப்போம். இந்தத் தாய் எத்தனை வாரமாக நடக்கிறார்? ஒரு மூடி திரும்புகிறது என்பதற்காக இன்னும் இவரைக் காக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை.”

அன்று வயலில் ஒரு ஏக்கருக்கும் குறைவாகத்தான் பயிர் நின்றது. கதிர் முற்றிக் கொண்டிருந்தது. “இருக்கிறத ஒடிச்சிருவோமாட்டி?” என்று ரத்தினம் படுத்தபடியே கேட்டான். “இத்தன வாரம் நடந்துட்டேன். வெள்ளிக்கெழம வாராங்க. ஒடிச்சா மனு போயிரும். பன்னிய இப்ப விரட்டலேன்னா அடுத்த வெள்ளாமைக்கும் இதே கதிதானங்க,” என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ரத்தினமும் அப்படித்தான் நினைத்தான்.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணிக்குக் குற்றாலத்தில் துப்பாக்கியைக் கொடியசைத்து அனுப்பி வைத்தார்கள். பேனரில் பால்வண்ணநாதனின் படமும் பன்றியின் படமும் ஒரே அளவில் இருந்தன. ஜீப் ராயகிரி வந்து சேரும்போது மணி மூன்று. இயக்குநருக்கு வேறு கூட்டம் இருந்ததால் எபனேசரும், விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்க ஸ்ரீவித்யாவும் மட்டும் வந்தார்கள். கிணற்று மேட்டில் மூன்று பேரும் குனிந்து உட்கார்ந்தார்கள்.

ஐந்தரை மணிக்கு, நல்ல வெளிச்சத்திலேயே, ஓடைப்பக்கமிருந்து பன்றிகள் வந்தன. பதினொன்று. முன்னால் வந்த பெரியது நின்று மோப்பம் பிடித்தது. பிறகு சோளத்துக்குள் நுழைந்து, ஒரு சோளத்தட்டையை நெஞ்சால் அழுத்திச் சாய்த்து, கதிரை மட்டும் கடித்தது. குட்டிகள் கீழே சிந்தியதைத் தின்றன.

“மூடியத் தொறக்கட்டுமா மேடம்?” என்றார் எபனேசர்.

ஸ்ரீவித்யா மடியிலிருந்த விதிப் புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையை நீட்டினாள். மலையிலிருந்து சாரல் தூவிக்கொண்டிருந்தது. கையில் ஒன்றிரண்டு துளி விழுந்தது.

“ஈரம் இருக்கும்போது தொறக்கக் கூடாதுன்னு இருக்கு அண்ணாச்சி.”

“ஈரம் இருந்தாத்தான மேடம் சோளமே வெளையும்,” என்றாள் தங்கபுஷ்பம். 

ஸ்ரீவித்யா அவளைப் பார்க்காமல் சொன்னாள், “எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகலைக்கா.” சொல்லிவிட்டு இயக்குநரைப் போனில் அழைத்தாள். மூன்றாம் முறை எடுத்தார். போனை அவள் தள்ளிப் பிடித்திருந்ததால் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது.

“சாரலா, மழையா?”

“சாரல்தான் சார்.”

“துளி எத்தனை?”

“எண்ணலை சார்.”

“எண்ணாமல் நான் எப்படி முடிவெடுப்பது? ஒரு நிமிடத்துக்கு உள்ளங்கையில் எத்தனை விழுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.”

ஸ்ரீவித்யா வாட்சைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டி ஒரு நிமிடம் இருந்தாள். அந்த ஒரு நிமிடத்தில் நான்கு தட்டைகள் சாய்ந்தன. அவற்றைத் தங்கபுஷ்பம் எண்ணினாள். துளி ஒன்பது. ஒன்பது பரவாயில்லை என்று இயக்குநர் அனுமதி கொடுத்தார். பத்தானால் மூடிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

எபனேசர் முன்மூடியைக் கழற்றினார். பின்மூடியைத் திறந்தார். கண்ணை வைத்துப் பார்த்தார். கிட்டத்துப் பார்வையில் பன்றிகள் தட்டைகளுக்கு இடையே கறுப்பாக அசைவதுதான் தெரிந்தது, எது தலை எது பின்புறம் என்று பிரியவில்லை. பெரியது எங்கே, குட்டி எங்கே என்று தெரியாமல் சுட அவர் தயாரில்லை. பின்பக்கக் குழாயைத் தூரப் பார்வைக்குத் திருப்பினார். மூடி அதோடு திரும்பி வலதுபக்கம் வந்து நீட்டிக்கொண்டு நின்றது. மூடிகளைத் திறந்த பிறகுதான் குண்டு போட வேண்டும் என்று இன்னொரு விதி இருந்ததால் துப்பாக்கி காலியாக இருந்தது. அவர் போல்ட்டைத் தூக்கினார். பாதியில் இடித்தது. இன்னொரு தடவை தூக்கினார். மறுபடி இடித்தது.

அவர் கிட்டத்துக்குத் திருப்பிக் குண்டு போட்டிருக்கலாம். இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்த மனுஷனுக்கு அது தெரியாததல்ல. ஆனால் அந்த நேரத்தில் அவர் கை அவர் சொன்னபடி கேட்கவில்லை. மூடியைப் பிடித்துக் கீலோடு பிய்த்தார். பிளாஸ்டிக் முறிகிற சத்தம் சின்னதுதான். வயலில் இருந்த பதினோரு தலையும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன.

“அது சேதம் கணக்குல வரும் அண்ணாச்சி,” என்றாள் ஸ்ரீவித்யா, அழுகிற குரலில்.

எபனேசர் குண்டு போட்டுத் துப்பாக்கியைத் தோளில் வைத்தபோது குறிநோக்கியில் பன்றி தெரியவில்லை. ஒரு பச்சைச் சேலை தெரிந்தது. தங்கபுஷ்பம் கிணற்று மேட்டிலிருந்து இறங்கி, கையில் ஒரு வேலிக்கம்போடு வயலுக்குள் போய்க்கொண்டிருந்தாள். கத்தவில்லை, ஓடவும் இல்லை. பன்றிகள் நின்ற திசையில் நேராக நடந்துகொண்டிருந்தாள்.

“தங்கச்சி, குறுக்க போகாத, உக்காரு,” என்றார் எபனேசர். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவர் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டார்.

பெரிய பன்றி அவளைப் பார்த்து நின்றது. இரண்டு பேருக்கும் நடுவே பத்தடி இருக்கும். அதன் மூக்கில் சோளத் துகள் ஒட்டியிருந்தது. இதுவாகத்தான் இருக்கும், ரத்தினத்தைக் கிழித்தது இதுவாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள். பயம் வரவில்லை. இது ஒருமுறை முட்டிவிட்டால் அடுத்த செவ்வாய்க்கிழமை குற்றாலம் போக வேண்டியதில்லை என்று தோன்றியது. அப்படி ஒரு நினைப்பு வந்ததுதான் பிறகு அவளுக்குப் பயமாக இருந்தது. பன்றி அவளை அதிக நேரம் பார்க்கவில்லை. திரும்பி, அவசரப்படாமல், மிச்சப் பயிரின் நடுவே வழி உண்டாக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்கியது. மற்றவை பின்னால் போயின. அந்த வழியில் நின்றதெல்லாம் படுத்துவிட்டது.

எபனேசர் வந்து அவள் கையிலிருந்த கம்பை வாங்கினார். “என்னால முடியலம்மா,” என்றார். அவள், “நீங்க என்ன செய்வீங்க அண்ணாச்சி,” என்றாள். 

வாரியத்தின் அறிக்கை பத்து நாளில் வந்தது. ஒரு பிரதி தங்கபுஷ்பத்துக்கும் அனுப்பியிருந்தார்கள். துப்பாக்கிப் பிரயோகம் தேவைப்படாமலேயே விலங்குகள் விலகிச் சென்றதாகவும், குறிநோக்கியின் முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் எந்தச் சேதமும் இன்றி அலுவலகம் திரும்பியதாகவும், வாரியம் தொடங்கிய நாளிலிருந்து இதுவே முதல் முழு வெற்றி என்றும் அதில் இருந்தது. மனு முடித்துவைக்கப்பட்டது. எபனேசருக்குப் பின்மூடி ஒன்றை முறித்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ போயிருந்தது. அறிக்கையில் பயிரைப் பற்றி ஒரு வரி இருந்தது. பயிர் இல்லாததால் இனி இடர் இல்லை என்ற வரி. மிச்சம் கிடந்த தட்டையைத் தங்கபுஷ்பம் அறுத்துப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டுவிட்டாள்.

அதே உறையில் இன்னொரு தாளும் இருந்தது. மீதி மூன்று துப்பாக்கிகளுக்கும் தேன் பாட்டில் மூடி சீவிப் பொருத்த ஆள் தேவைப்படுவதால், அனுபவம் உள்ளவர் என்ற முறையில் அவளைத் தற்காலிக மூடி பொருத்துநராக எடுத்துக்கொள்ள வாரியம் விரும்புகிறது. ரத்தினம் அதை இரண்டு தடவை படித்தான். அவன் இன்னும் சுவரைப் பிடித்துத்தான் நடந்தான்.

“போறியா?” என்றான்.

“போகாம என்ன செய்ய?” என்றாள்.

ஆவணியில் அவள் சேர்ந்தாள். ஆறாம் நம்பர் அறையில் எபனேசருக்கு எதிரே ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு மூடி சீவினால் போதும். சீவிய மூடி சாரல் காலத்தில் லேசாகத் தளர்ந்துவிடும், மறுபடி வேறொன்று சீவ வேண்டும். ஆகவே வேலை முடியவே முடியாது என்று பால்வண்ணநாதன் அவளுக்கு உறுதி கொடுத்தார். “பார்த்தீர்களா அம்மா, எங்களிடம் மனுவோடு வந்தீர்கள். இன்று எங்களில் ஒருவர். ஒரு வாரியம் மக்களுக்கு இதைவிட என்ன செய்ய முடியும்?” என்றார். அவர் குரலில் பொய் இல்லை. உண்மையிலேயே அவருக்கு மனம் நிறைந்திருந்தது.

இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, சிவகிரிப் பக்கமிருந்து பாஹிமா என்று ஒருத்தி வந்தாள். இரண்டு ஏக்கர் சோளம், முற்றுகிற பருவம், மூன்று நாளாகப் பன்றி. இயக்குநர் அறையில் டீ குடித்துவிட்டு வெளியே வந்தவள், ஸ்ரீவித்யா கொடுத்த படிவத்தில் கையெழுத்துப் போடத் தட்டையான இடம் தேடி ஆறாம் நம்பருக்குள் வந்து, தங்கபுஷ்பத்தின் மேஜையில் தாளை வைத்தாள்.

“அக்கா, நீங்க இங்கதான வேலை பார்க்கீங்க? துப்பாக்கி எப்ப வரும்? இந்த வாரத்துல வந்துருமா?”

தங்கபுஷ்பம் எபனேசரைப் பார்த்தாள். அவர் துப்பாக்கிக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. வாசலில் ஸ்ரீவித்யா நின்றிருந்தாள். கையில் பென்சில் இருந்தது. வெளியே யாரோ எண்ணெய்க் குளியல் முடித்து ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டு போனார்கள்.

தங்கபுஷ்பம் பாஹிமாவின் பேனாவுக்கு அடியிலிருந்து தாளை இழுத்துக்கொண்டாள்.

“வராது. இதுல கையெழுத்துப் போட்டேன்னா உன் கதிர நீ தொட முடியாது. பச்சையா வித்தாலும் ஆச்சு, அவிச்சுத் தின்னாலும் ஆச்சு, இன்னைக்கே ஒடிச்சிரு. வீட்ல ஆள் யாரு இருக்கா?”

“எங்க மாமி மட்டுந்தான். கண்ணு சரியாத் தெரியாது.”

தங்கபுஷ்பம் கத்தியை மடக்கி மேஜை மேல் வைத்தாள். மடியில் கிடந்த பிளாஸ்டிக் சீவலை உதறினாள். ஸ்ரீவித்யா வாசலில்தான் நின்றாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்க வேண்டியது அவள் பொறுப்பு. அவள் கேட்கவில்லை, கொஞ்சம் ஒதுங்கி வழி விட்டாள்.

படி இறங்கும்போது பாஹிமா, “நீங்க எதுக்குக்கா வாறீங்க, ஒங்களுக்கு இங்க வேலை இருக்கே,” என்றாள்.

“நடந்துக்கிட்டே பேசு. பன்னெண்டரை பஸ்ஸப் பிடிச்சா, நாலு கை சேர்ந்து இருட்டுறதுக்குள்ள ஒரு ஏக்கர் ஒடிச்சிரலாம்,” என்றாள் தங்கபுஷ்பம்.